பஞ்சுக்கிடங்குத் தெருவின் இலையுதிர்காலங்கள்

வஞ்சிக்கொடி ஐரோப்பாவுக்குப் போகப்போவதாகச் சொன்ன மறுநாள் விடியலில், கரூர் பஞ்சுக்கிடங்குத் தெருவில் வியன்னா நகரத்து இலையுதிர்காலம் வந்து இறங்கியிருந்தது. வாசல் தெளிக்க வந்த பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். அந்தத் தெருவில் இருந்தவை இரண்டு வேப்பமரங்களும் ஒரு முருங்கையும்தான், அவை மூன்றும் பச்சையாகத்தான் நின்றன, ஆனாலும் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் உள்ளங்கை அகலத்தில் மஞ்சளும் செம்பழுப்புமாக இலைகள் கணுக்கால் புதையக் கிடந்தன, மேலே வெறும் ஆகாயத்திலிருந்து இன்னும் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், சுழன்று சுழன்று இறங்கிக்கொண்டிருந்தன. முழங்காலைப் பிடிக்கிற குளிர் இருந்தது. எதையோ சுடுகிற வாசனை வந்தது, பனங்கிழங்கு சுடுகிற மாதிரி, ஆனால் பனங்கிழங்கு இல்லை.

"கோலத்தை எங்க போடறது?" என்றாள் ஒருத்தி.

"கோலம் போடற அளவுக்கு மட்டும் கூட்டி உடு. மிச்சம் கெடக்கட்டும்," என்றாள் அடுத்த வீட்டுக்காரி.

அப்படியே செய்தார்கள். வீட்டுக்கு வீடு இலைக்குவியலின் நடுவில் ஒரு சதுரம் கூட்டி, தண்ணீர் தெளித்து, புள்ளி வைத்தார்கள். வந்தது வியன்னாதான் என்று எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. முந்தின சாயங்காலம் வஞ்சிக்கொடி வீடு வீடாகப் போய், கையில் ஒரு டப்பா மைசூர்பாகோடு, "வியன்னாங்கற ஊருக்குப் போலாம்னு இருக்கேனுங்க, ஒருத்தியாத்தான், கார்த்திகையில," என்று சொல்லியிருந்தாள். தெரு முழுக்க ராத்திரிச் சாப்பாடு முடிகிறவரைக்கும் வியன்னா என்கிற பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தது. மறுநாள் வியன்னா வந்தது. அவ்வளவுதான்.

வஞ்சிக்கொடிக்கு அப்போது அறுபது முடிந்திருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி தங்கராசு வீட்டு மாடியில் ஓர் அறையும் ஒரு சமையல் மேடையும் அவளுடையவை. கரூரிலிருந்து வெளிநாடுகளுக்கு மேசைத்துணியும் திரைச்சீலையும் தைத்து அனுப்புகிற கம்பெனி ஒன்றில், தாவணி போட்ட காலத்திலிருந்து அந்த ஆவணி மாதம் ஓய்வுபெறுகிறவரைக்கும் செக்கிங் மேசையில் உட்கார்ந்திருந்தவள். ஐரோப்பாக்காரர்களின் இலையுதிர்காலத்துத் துணிகள் கரூருக்குச் சித்திரையில் வரும். தகரக் கூரைக்குக் கீழே, முதுகில் வேர்வை கோடு கோடாக இறங்க, வஞ்சிக்கொடி ரன்னர்களைப் பார்ப்பாள். சாப்பாட்டு மேசையின் நடுவில் நீளவாக்கில் விரிக்கிற துணிக்கு ரன்னர் என்று பெயர். துணி முழுக்க இலை அச்சாகியிருக்கும். சிவப்பு, மஞ்சளுக்குள் கசிந்திருந்தால் அது ரிஜெக்ட். காம்பு, விளிம்பைத் தொட்டால் அது ரிஜெக்ட். அவள் வாழ்நாளில் பார்த்த இலைகளை உதிர்த்துப் போட்டால் அமராவதி ஆற்றில் தண்ணீர் இல்லாத குறையே தெரியாது.

ஒரு தடவை துணி வாங்குகிற கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்தாள். செக்கிங் மேசைக்கு வந்து ஒரு ரன்னரைக் கையில் எடுத்து, அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்று, ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று வஞ்சிக்கொடி மேனேஜரைக் கேட்டாள். "இந்த எலை உதிர்ற மாசத்துல அவங்க ஊர்ல எல்லாரும் வீட்டுக்குள்ள போயிருவாங்களாம். வெளிய மரமும் நாமளும் மட்டும்தான் இருப்போமாம்," என்றார் மேனேஜர். மரமும் நாமும் மட்டும். வலது பக்கம் ஒருத்தி, இடது பக்கம் ஒருத்தி, எதிரில் நாலு பேர், வீட்டுக்குப் போனால் தம்பி குடும்பம் என்று இடிபட்டே வாழ்ந்த வஞ்சிக்கொடி அந்த வார்த்தையை அன்றைக்குப் பத்திரப்படுத்தி வைத்தாள். ஓய்வுபெற்றுக் கைக்குப் பணம் வந்ததும் அதை எடுத்தாள். ஒரே ஒரு முறை, ஆறே நாள், யாரும் கூட இல்லாமல், யாரும் தனக்கு முன்னால் பார்த்துவிடாத ஓர் இலையுதிர்காலத்தில் ஒரு மரத்தடியில் போய் நிற்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அதுதான்.

செக்கிங் மேசையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு கண் பார்த்தது பார்த்ததாகாது. வஞ்சிக்கொடி ஒரு துணியைப் பார்த்து முடித்ததும் அதை இடது பக்கம் நீட்டுவாள், தலையைத் திருப்பாமலே நீட்டுவாள், இடது பக்கம் உட்கார்ந்திருக்கிற சுலோச்சனா அதை வாங்கி ஒருமுறை பார்ப்பாள். "ம்" என்றால் பெட்டிக்குப் போகும். "ம்ஹும்" என்றால் மூலைக்குப் போகும். அதற்கு ரெண்டாங்கண் என்று பெயர். மேசையில் தொடங்கிய அந்த வழக்கம் மெல்ல மெல்ல மேசையை விட்டு இறங்கி, தெருவுக்கும் கூடவே வந்துவிட்டது. சுலோச்சனா குடியிருந்ததும் எதிர்வீட்டில்தான். தீபாவளிக்கு எடுத்த புடவை, கண் ஆபரேஷனுக்கு எந்த ஆஸ்பத்திரி, தம்பி மகளுக்கு வந்த வரன், எதுவாக இருந்தாலும் வஞ்சிக்கொடி இடது பக்கம் நீட்டாமல் முடிவு செய்ததில்லை. சுலோச்சனாவின் புருஷன் பக்கவாதத்தில் படுத்தபோது, கட்டிலைத் தெற்கே தலைவைத்துப் போடலாமா என்று அவள் வந்து கேட்டதும் வஞ்சிக்கொடியிடம்தான்.

வியன்னா மூன்று நாள் தெருவில் இருந்தது. மூன்று நாளில் தெரு அதைப் பழகிக்கொண்டது. பரணில் கிடந்த குரங்குத் தொப்பிகள் இறங்கின, சபரிமலைக்குப் போனவர்களின் கறுப்புச் சால்வைகள் வெளியே வந்தன, டீக்கடை செல்லமுத்து சுக்குக் காப்பிக்குத் தனியாக ஒரு அடுப்புப் போட்டார். தேய்ப்பு வண்டி ராக்கம்மாள் இலைகளைப் பெட்டியில் போட்டு எரித்துப் பார்த்துவிட்டு, "கரிக்கு ஆகாதுங்க. கடுதாசியாட்டம் எரிஞ்சு போயிருது, சூடு நிக்க மாட்டேங்குது," என்று தெருவுக்கு அறிவித்தாள். குப்பை வண்டிக்காரர் வந்து பார்த்தார். "இது நம்ம வார்டு மரத்து எலை இல்லீங்க. எடுக்கச் சொன்னா எடுக்கறேன், எந்தக் கணக்குல கொட்டறதுன்னு மட்டும் யாராச்சும் சொல்லுங்க," என்றார். யாருக்கும் தெரியவில்லை. இலை கிடந்தது.

மூன்றாம் நாள் வஞ்சிக்கொடி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கீழே, வியன்னாவில், தங்கராசின் பேரன் இலையைக் குவித்துக் குதித்துக்கொண்டிருந்தான், நாலு பேர் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், தெரு நலச் சங்கத் தலைவர் நாச்சிமுத்து, மின்சாரத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொந்தத் தோட்டத்தில் நடப்பது போல நடந்துகொண்டிருந்தார். இத்தனை பேரும் பார்த்து முடித்துவிட்ட ஊருக்கு இனி எதற்குப் போவது என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நிமிஷமே மனசு அந்த ஊரை விட்டது. மனசு விட்டதும் வெயில் வந்தது, சாயங்காலத்துக்குள் இலைகள் வாசல் ஈரம் காய்கிற மாதிரி காய்ந்து இல்லாமல் போயின.

இரண்டாவதாக அவள் நினைத்தது போர்ச்சுகல் தேசத்துப் போர்ட்டோ. இந்த முறை வீடு வீடாகப் போகவில்லை. தம்பியிடம் மட்டும் சொன்னாள், அதுவும் "நீ தனியாப் போயி எங்கயாச்சும் உழுந்து வச்சா நான் எந்த ஊருன்னு வந்து தேடுவேன்?" என்று அவன் மூன்று நாள் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்திருந்ததால் சொன்னாள். சொல்லி ஒரு வாரம் எதுவும் வரவில்லை. எட்டாம் நாள் தங்கராசு டீக்கடையில், பெருமையிலோ கவலையிலோ, "எங்கக்கா போர்ட்டோ போகுதப்பா," என்று சொல்லிவிட்டான். மறுநாள் சாய்வாக மழை பெய்தது, கடலே இல்லாத கரூரில் கடல் வாடை அடித்தது, காம்பவுண்டுச் சுவர்களில் ஒரே நாளில் பாசி பிடித்தது, அப்பளம் போடுகிற மூன்று வீடுகளில் அப்பளம் காயவில்லை.

அப்போதுதான் தெருவுக்கு அதன் முறை பிடிபட்டது. வஞ்சிக்கொடியின் மனசு எந்த ஊரில் நிற்கிறதோ, அந்த ஊரின் பெயரை அவளைத் தவிர்த்த வேறொரு வாய் தெருவில் சொன்னால், மறுநாள் அந்த ஊரின் இலையுதிர்காலம் வரும். ஊர் வராது, வீடு வராது, மனிதர்கள் வரமாட்டார்கள். காலம் மட்டும் வரும். அவள் மனசை எடுத்துக்கொண்டால் போய்விடும்.

முறை தெரிந்ததும் தெருவுக்கு ஆசையும் வந்தது. வருஷம் பூராவும் வெயிலில் கிடந்த தெரு அது. குழந்தைகள் அழாமல் தூங்கின, மூட்டு வலிக்காரர்களில் பாதிப் பேர் வலி குறைந்தது என்றார்கள், பாதிப் பேர் கூடியது என்றார்கள், கூடியவர்களும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்துத் தெருக்காரர்கள் சாயங்காலம் காற்று வாங்க வந்து, தெருமுனையில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்து நின்றார்கள். வெளியூர்க் கல்யாண ஜோடிகள் போட்டோகிராபரோடு வந்து இறங்கின. எல்லாருக்கும் வஞ்சிக்கொடி அடுத்து எந்த ஊரில் மனசை வைப்பாள் என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. ஆனால் அவளிடம் கேட்க முடியாது. பயணம் கிளம்புகிறவரைப் பார்த்து "எங்க போறீங்க?" என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும். அந்தத் தெருவில் பால் வாங்கப் போகிறவரைக்கூட யாரும் அப்படிக் கேட்டதில்லை. "தூரமா?" என்றுதான் கேட்பார்கள். நல்ல ஜனங்கள். அந்த மரியாதையை அவர்கள் கடைசிவரைக்கும் விடவில்லை.

நாச்சிமுத்து ஒருநாள் மாடிப்படி ஏறி வந்தார்.

"ஏனுங்கக்கா, தூரந்தானுங்களா?" வஞ்சிக்கொடியைவிட அவர் நாலு வயது மூத்தவர். தெருவே அக்கா என்றதால் அவரும் அக்கா என்றார்.

"தூரந்தானுங்க."

"மழை இல்லாத தூரமாப் பாத்துக்குங்க. என்ற மக கல்யாணம் கார்த்திகையில. மாப்பிள்ளை வீடு ஈரோட்டுக்காரங்க. நம்ம வாசல்லயே பந்தல் போட்டுத் தாலி கட்டறதா இருக்குது. கொஞ்சம் மஞ்ச எலையா, கொஞ்சம் பனியா இருந்தா, போட்டோவுக்கு நல்லா இருக்குமுன்னு புள்ள ஆசப்படுது."

"நான் இன்னும் முடிவு பண்ணலீங்க."

"மெல்லப் பண்ணுங்க. நாங்க என்ன, கேக்கவா போறோம்."

அதற்குப் பிறகு வஞ்சிக்கொடி போர்ட்டோவையும் மனசிலிருந்து விட்டுவிட்டு, வாயைப் பூட்டிக்கொண்டாள். தம்பியிடம் சொல்லவில்லை. விசா வேலைக்குக் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறிப் போனாள். அங்கே ஏஜெண்டு ஆபீசில் இருந்த பெண்ணுக்குப் பஞ்சுக்கிடங்குத் தெரு எங்கே இருக்கிறது என்றே தெரியாது, அவள் சொன்னாலும் ஒன்றுமில்லை. தெருவில் மறுபடியும் வெயில் அடித்தது. ஐப்பசியில் அப்படி ஒரு வெயிலை அந்தத் தெரு பார்த்ததில்லை. ஜனங்கள் விசிறிக்கொண்டே அவள் மாடியை நிமிர்ந்து பார்த்தார்கள். செல்லமுத்து, அவள் காதில் விழுகிற மாதிரி, "தெருவே வேர்த்து ஊத்துது. ஒருத்தர் மனசுக்குள்ள மட்டும் ஜில்லுனு இருக்குது," என்றார். அவள் கேட்காத மாதிரி போனாள். பால்கார அம்மாள் அவளுக்கு மட்டும் நுரையாக ஊற்றினாள். அதையும் அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

எல்லாவற்றையும் அவளால் தாங்க முடிந்தது, ஒன்றைத் தவிர. அவள் மனசில் இரண்டு ஊர்கள் இருந்தன. ஒன்று ஆற்றங்கரை ஊரான லூப்லியானா. இன்னொன்று தெருவுக்குத் தெரு வாய்க்கால் ஓடுகிற ப்ரூஜ். ராத்திரி லூப்லியானா என்று படுத்தால் காலையில் ப்ரூஜ் என்று எழுந்தாள். அவள் கண் இரண்டையும் பார்த்துவிட்டது, ஆனால் ஒரு கண் பார்த்தது பார்த்ததாகாது. கை தானாக இடது பக்கம் நீள நீள, எத்தனை நாளைக்குத்தான் மடக்கி வைப்பது.

சுலோச்சனா பின்வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் புருஷன் கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வஞ்சிக்கொடி வழக்கம்போல அவளுக்கு வலது பக்கமாக உட்கார்ந்தாள்.

"ரெண்டு வச்சிருக்கேன், சுலோ. பாத்துச் சொல்லு."

சுலோச்சனா முந்தானையில் கையைத் துடைத்தாள். "காட்டு."

"வெளிய போகக் கூடாது."

"என்ற வாயிலிருந்து எப்பப் போயிருக்குது?"

வஞ்சிக்கொடி இரண்டு பெயரையும் சொன்னாள். செல்போனில் படத்தை எடுத்து, தலையைத் திருப்பாமல், இடது பக்கம் நீட்டினாள். சுலோச்சனா வாங்கி, முதலில் கையைத் தள்ளி வைத்துப் பார்த்தாள், அப்புறம் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தாள், துணியைப் பார்க்கிற அதே பார்வை.

"இதுல எல்லாம் பழுப்போட கலந்து போகுது. அதுல மஞ்ச தனியா நிக்குது. தண்ணிக்குள்ள வேற உழுந்து தெரியுது பாரு. ப்ரூஜ்தான்."

"ப்ரூஜா?"

"ம்," என்றாள் சுலோச்சனா.

அந்த "ம்" கேட்டதும் வஞ்சிக்கொடியின் மனசு ப்ரூஜில் போய் நின்றது. பல வாரமாகத் தூக்கி வைத்திருந்த சுமையை இறக்கின மாதிரி இருந்தது.

"எத்தனை நாளு?" என்றாள் சுலோச்சனா.

"ஆறு."

"ஒருத்தியாவா?"

"ஒருத்தியாத்தான்."

சுலோச்சனா மறுபடியும் வெங்காயத்தை எடுத்தாள். வஞ்சிக்கொடியும் ஒரு கை எடுத்து உரித்தாள். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் வந்தது, வெங்காயம் என்றால் வரும்தான்.

பிரஸ்ஸல்ஸ் வரைக்கும் விமான டிக்கெட், அங்கிருந்து ப்ரூஜுக்கு ரயில் என்று ஏஜெண்டுப் பெண் சொன்னாள். கார்த்திகை பிறந்தது. பத்து நாள், பதினைந்து நாள், தெருவில் ஒரு இலை விழவில்லை. தினமும் விடிந்ததும் வஞ்சிக்கொடி மாடிக் கதவைத் திறந்து தெருவைப் பார்ப்பாள், காய்ந்த தெருவைப் பார்த்ததும் எதிர்வீட்டைப் பார்ப்பாள், மனசுக்குள் சுலோச்சனாவைக் கும்பிடுவாள். அந்த வறண்ட விடியல் ஒவ்வொன்றும் சுலோச்சனா அவளுக்குக் கொடுத்த வாக்கு மாதிரி இருந்தது. ஒருத்தியிடம் ஒரு பெயரைக் கொடுத்து வைத்திருக்கிறோம், அது இன்னும் கொடுத்த இடத்திலேயே இருக்கிறது என்று ஆகாயமே சாட்சி சொல்கிற பாக்கியம் உலகத்தில் யாருக்குக் கிடைக்கும் என்று அவள் நினைத்தாள்.

நாச்சிமுத்து மகள் கல்யாணத்தன்று, வஞ்சிக்கொடி கிளம்புவதற்கு மூன்று நாள் இருக்கையில், அவள் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்துணியைக் காயப்போடக் கொடிக்குப் போனாள். கொடியில் ஒரு மஞ்சள் இலை தொங்கிக்கொண்டிருந்தது. பழுப்போடு கலக்காத மஞ்சள். தனியாக நின்ற மஞ்சள்.

கீழே தெரு முழுக்கப் பனி இறங்கியிருந்தது. சாக்கடைத் தண்ணீர்கூடக் கறுத்துத் தெளிந்து கண்ணாடியாகக் கிடந்தது, அதன்மேல் இலைகள் ஒவ்வொன்றும் தன் நிழலைத் தேடி வந்து படுத்தன, பந்தலின் வாழைமரங்களில் பாதி பனிக்குள் இருந்தது பாதி வெளியே இருந்தது, நாதஸ்வரக்காரர் ஊதினால் சத்தத்தோடு வெள்ளை ஆவியும் புறப்பட்டது, ஈரோட்டுச் சம்பந்திகள் பட்டு வேட்டிக்கு மேல் பெட்ஷீட் போர்த்திக்கொண்டு பந்தியில் உட்கார்ந்து சூடான பொங்கலுக்கு முகத்தைக் காட்டினார்கள், பெண்ணும் மாப்பிள்ளையும் இலைமழைக்கு நடுவில் நின்று சிரித்தார்கள், போட்டோகிராபர் "இன்னொரு தடவை மேல பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வஞ்சிக்கொடி மாடிப்படி இறங்கி அதற்குள் நடந்தாள்.

"அக்கா, அருமையான ஊருங்க," என்றார் நாச்சிமுத்து, சந்தனக் கிண்ணத்தோடு.

"மழையும் இல்ல. பெரிய மனசுங்க உங்களுக்கு," என்றாள் ராக்கம்மாள்.

செல்லமுத்து அன்றைக்கு டீயை இலவசமாக நீட்டினார். அவள் அதை வாங்காமல் தெருவைக் கடந்தாள்.

சுலோச்சனா தன் புருஷனின் கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போட்டிருந்தாள். அவருக்குக் கம்பளித் தொப்பி மாட்டி, கழுத்துவரைக்கும் போர்த்தி, தலையணையை உயர்த்தி வைத்திருந்தாள். அவர் மார்பில் இரண்டு இலைகள் விழுந்து கிடந்தன. நாலு வருஷமாகக் கூரையைப் பார்த்த கண்கள் இப்போது ஆகாயத்திலிருந்து எது வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தன. சுலோச்சனா அவருக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். வஞ்சிக்கொடி வந்ததைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"சொல்லிட்ட."

"சொல்லிட்டேன்."

"நாச்சிமுத்து வந்து கேட்டாரா?"

"அவரு பந்தலுக்கு முக்காலி ரெண்டு இருக்குதான்னுதான் கேட்டாரு. நானாத்தான் சொன்னேன்."

வஞ்சிக்கொடிக்கு அதுதான் வலித்தது. மிரட்டி வாங்கியிருந்தால், கெஞ்சி வாங்கியிருந்தால், எதையாவது கொடுத்து வாங்கியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பாள். யாரும் கேட்காமலே எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

"ஏம் புள்ள?"

சுலோச்சனா புருஷன் மார்பில் கிடந்த இலையை எடுத்து, பார்த்து, திரும்பவும் அங்கேயே வைத்தாள்.

"அத்தனை வருசமும் நீ பாத்ததையெல்லாம் நானும் பாத்தேன். ஒண்ணு விடாம. நீ நீட்டுவ, நான் வாங்குவேன். இந்த ஒண்ணை மட்டும் நீ ஒருத்தியாப் பாத்துட்டு வந்து சொல்லுவ, நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டுக்கணுமா?"

"இவரை உட்டுட்டு நீ எப்படி வருவ?"

"வர முடியாதுதான்."

"பொறவு?"

"'வர்றியா'ன்னு ஒரு வார்த்தை கேட்டியா? நான் 'முடியாது'ன்னுதான் சொல்லியிருப்பேன். அதைச் சொல்லறதுக்காச்சும் ஒரு எடம் குடுத்தியா? எந்த ஊருன்னு மட்டும் எங்கிட்டக் கேட்ட. மஞ்சளா, பழுப்பான்னு கேட்ட."

வஞ்சிக்கொடியிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. மரமும் நாமும் மட்டும் என்று யாரோ சொன்ன வார்த்தையை எத்தனை சித்திரை மனசில் வைத்திருந்தாள் என்பதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதை இப்போது சொன்னால் அதுவும் தெருவுக்குப் போய்விடும் என்று தோன்றியது. இனி இந்த வாசலில் எதைக் கொடுத்தாலும் அது இங்கேயே இருக்கும் என்று நம்ப முடியாது.

"உன்னை நம்பித்தான் சொன்னேன், சுலோ."

"நானும் உன்னை நம்பித்தான் இருந்தேன்," என்றாள் சுலோச்சனா.

கட்டிலில் கிடந்தவர் அசைகிற ஒரே கையைத் தூக்கி, காற்றில் வந்த இலை ஒன்றைப் பிடிக்கப் பார்த்தார். பிடிபடவில்லை. இரண்டு பெண்களும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் வஞ்சிக்கொடி திரும்பி நடந்தாள். தெருவைக் கடந்து மாடிப்படியில் கால் வைப்பதற்குள் அவள் மனசு ப்ரூஜை விட்டிருந்தது. தாலி கட்டி முடிந்திருந்ததால் யாருக்கும் நஷ்டமில்லை. கடைசிப் பந்தி வெயிலில் சாப்பிட்டது.

டிக்கெட்டை மாற்ற முடியாது. மாற்ற அவளுக்கும் மனமில்லை. மூன்றாம் நாள் காலையில் ஆட்டோ வந்து நின்றது, தெரு வழியனுப்பக் கூடியது. தங்கராசு பெட்டியை ஏற்றினான். அவன் பெண்டாட்டி திருநீறு பூசினாள். ராக்கம்மாள் தேய்த்து மடித்த சால்வை ஒன்றைக் கொடுத்தாள், செல்லமுத்து பிளாஸ்கில் சுக்குக் காப்பி கொடுத்தார். எல்லாரும் நல்லபடியாகப் பேசினார்கள், யாரும் எங்கே என்று கேட்கவில்லை, அவள் மனசில் இப்போது எந்த ஊர் இருக்கிறது என்று ஒவ்வொரு முகமும் அவள் முகத்தில் தேடியது. எந்த ஊரும் இல்லை. பிரஸ்ஸல்ஸில் இறங்கி எங்கே போவது என்று அவளுக்கே தெரியாது.

அப்போது சுலோச்சனா எதிர்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கூட்டம் விலகி வழி விட்டது. ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"எங்க போற, வஞ்சி?"

 நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். தங்கராசின் பெண்டாட்டி, "இறங்கி உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு மறுபடி கிளம்புங்க, அண்ணி," என்று அவசரமாகச் சொன்னாள். அதுதான் பரிகாரம். வஞ்சிக்கொடி இறங்கவில்லை. கேட்டவள் முகத்தைப் பார்த்தாள். பயணம் கெட்டுப்போகட்டும் என்று கேட்டாளா, இந்த ஒரு தடவையாவது நேராகக் கேட்டுவிடலாம் என்று கேட்டாளா, அந்த முகத்திலிருந்து தெரியவில்லை. துணி என்றால் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்திருக்கலாம்.

"இங்கதான்," என்றாள் வஞ்சிக்கொடி. "பக்கத்துலதான்."

சொல்ல விருப்பமில்லாதபோது, வழியில் எதிர்ப்படுகிற யாருக்கும் எல்லாரும் சொல்கிற பதில் அது. சுலோச்சனாவிடம் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் முறை. சுலோச்சனா கம்பியிலிருந்து கையை எடுத்தாள். ஆட்டோ கிளம்பியது.

பிரஸ்ஸல்ஸ் ரயில் நிலையத்தில் ஒரு பெரிய பலகையில் ஊர்ப் பெயர்கள் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. வஞ்சிக்கொடி அதற்குக் கீழே வெகுநேரம் நின்றாள். டிக்கெட் கொடுக்கிற கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் அவளைப் பார்த்து, "டெஸ்டினேஷன்?" என்றாள். வஞ்சிக்கொடிக்கு அந்த வார்த்தை தெரியும். அட்டைப்பெட்டிகளின் பக்கவாட்டில் வாழ்நாள் முழுக்கப் படித்த வார்த்தை, பெட்டிக்குப் பெட்டி அதற்கு நேரே ஏதாவது ஓர் ஊர் இருக்கும். கிளம்புகிறவளைப் பார்த்து இந்தப் பெண்ணும் அதையேதான் கேட்கிறாள், ஆனால் இவள் அதில் எதையும் வைத்துக் கேட்கவில்லை. வஞ்சிக்கொடி பலகையைப் பார்த்தாள். பெயர்களில் ஒன்று நல்லதாகப் பட்டது. கழுத்து தானாக இடது பக்கம் திரும்பியது. அங்கே முதுகில் பை மாட்டிய ஓர் இளைஞன் நின்று ஆப்பிள் தின்றுகொண்டிருந்தான். அவள் திரும்பிக்கொண்டு, அந்தப் பெயரைக் கண்ணாடிக்குள் சொன்னாள். அந்தப் பெண் தட்டினாள், டிக்கெட்டைத் தள்ளினாள், அடுத்த ஆளைப் பார்த்தாள். அப்போதே மறந்திருப்பாள்.

அந்த ஊரின் பெயர் இந்தக் கதையில் கிடையாது. இருந்திருந்தால் இதைப் படிக்கிற தெருவில் நாளைக் காலையில் யாராவது விளக்குமாறு தேட வேண்டியிருக்கும்.

சின்ன ஊர். மேனேஜர் சொன்ன மாதிரியே எல்லாரும் வீட்டுக்குள் போயிருந்தார்கள். ஜன்னல்களில் விளக்கு எரிந்தது, வெளியே ஆள் இல்லை. கல் பாவிய ஒரு சின்ன மைதானத்தின் நடுவில் ஒரு மரம் நின்றது, பெயர் தெரியாத மரம், பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்ட மரம். வஞ்சிக்கொடி ராக்கம்மாள் தேய்த்துக் கொடுத்த சால்வையை இறுக்கிக்கொண்டு அதற்கடியில் போய் நின்றாள். யாரும் அவளுக்கு முன்னால் பார்த்துவிடாத இலையுதிர்காலம் அது. மரமும் அவளும் மட்டும்தான்.

ஒரு இலை இறங்கி வந்து அவள் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தாள். காம்பு விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. சிவப்பு, மஞ்சளுக்குள் நன்றாகக் கசிந்திருந்தது. செக்கிங் மேசையில் அவள் மூலைக்குத் தள்ளிய அத்தனை துணிகளிலும் இருந்த அதே கசிவு, நூல் பிசகாமல் அதே கசிவு, மரத்திலேயே இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.  "இங்க பாரு புள்ள இதை," என்றாள்.

தலையைத் திருப்பாமல் இலையை இடது பக்கம் நீட்டினாள்.

காற்று வந்து இலையின் நுனியை அசைத்துவிட்டுப் போனது. "ம்" என்றும் யாரும் சொல்லவில்லை. "ம்ஹும்" என்றும் யாரும் சொல்லவில்லை. விரல் குளிரில் மரத்துப்போகிறவரைக்கும் அவள் அதை நீட்டிக்கொண்டே நின்றாள்.